கட்டுமான பில்லில் கூடுதல் கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

மார்ச் 2 – கேள்வி

கான்ட்ராக்டர் மாதாமாதம் பில் தருகிறார். இன்வாய்ஸ், டெலிவரி சலான், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இணைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்து, கூட்டல் சரியா என்று டிக் அடித்த பிறகுதான் பணம் கொடுக்கிறோம். இன்வாய்ஸ் எல்லாம் உண்மையானது என்றால் கூடுதலாக பில் போட வழியே இல்லை என்பது என் வாதம். இல்லை என்பவர்கள் எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

ஓட்டை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எந்த வகை என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். பதிலில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

ஆன செலவை அப்படியே வாங்கிக்கொண்டு அதன் மேல் இத்தனை சதவீதம் என்று போட்ட காஸ்ட் பிளஸ் ஒப்பந்தம் என்றால், நீங்கள் செய்வது சரியான வேலை, இன்வாய்ஸ்தான் அங்கே உயிர். கன மீட்டருக்கு இவ்வளவு, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் பேசிய ஒப்பந்தம் என்றால், கான்ட்ராக்டர் சிமென்ட்டை என்ன விலைக்கு வாங்கினார் என்பதே உங்களுக்கு வேண்டாத கதை. பாதி விலைக்கு வாங்கினால் அது அவர் சாமர்த்தியம். உங்கள் பணம் கசிவது அளவில். மொத்தத் தொகை பேசிய ஒப்பந்தம் என்றால் அளவு கூட வேண்டாம், "வேலை எத்தனை சதவீதம் முடிந்தது" என்ற ஒற்றை எண்ணிலும் எக்ஸ்ட்ரா ஐட்டங்களிலும்தான் எல்லாம் நடக்கும்.

உரிமையாளர் தரப்பில் உட்கார்ந்து பில் சரிபார்ப்பது என் பிழைப்பு. போலி இன்வாய்ஸ் என்ற ஒன்றை நான் பார்த்தது மிகக் குறைவு. நிஜமான காகிதத்தோடு வரும் தப்பான அளவைப் பார்க்காத மாதம் கிடையாது.

மார்ச் 3

சரி, ரேட் ஒப்பந்தம் என்று பதில் வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த சலான் கட்டை ஓரமாக வைத்துவிட்டு டிராயிங்கை எடுங்கள். பீமும் சிலாபும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நான் எந்த பில்லை எடுத்தாலும் முதலில் போய்ப் பார்க்கிற இடம் அதுதான்.

சிலாப் 10 மீட்டருக்கு 8 மீட்டர், தடிமன் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுப் பரப்புக்கும் கணக்கிட்டால் 12 கன மீட்டர். கீழே பீம்கள் மொத்தம் 52 மீட்டர் நீளம், அகலம் 300, ஆழம் சிலாபோடு சேர்த்து 600. டிராயிங்கில் 600 என்றுதான் எழுதியிருக்கும், பில் போடுகிறவரும் 600 என்றே போடுவார். ஆனால் மேலே உள்ள 150 மி.மீ. ஏற்கனவே சிலாபில் வந்துவிட்டது. பீமுக்குக் கொடுக்க வேண்டியது 450தான். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.045 கன மீட்டர் இரண்டு தடவை பில் ஆகிறது. 52 மீட்டருக்கு 2.34 கன மீட்டர். உண்மையில் அந்தத் தளத்தில் உள்ள கான்கிரீட் 19.02, பில்லில் 21.36. பீமும் பீமும் வெட்டிக்கொள்ளும் இடங்களை இந்தக் கணக்கில் நான் தொடவே இல்லை, அதற்கு முன்பே 12 சதவீதம் கூடிவிட்டது. ஒவ்வொரு மாடிக்கும் இதே தாளை நகல் எடுத்துத்தான் பில் போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்வாய்ஸில் ரெடிமிக்ஸ் (பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) 20 கன மீட்டர் வந்ததாக இருக்கும், அதுவும் உண்மைதான். யாரும் அதை பில்லோடு பொருத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். வந்ததைவிட அதிகம் ஊற்றியதாக பில் சொல்கிறது!

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

தூணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடிக்கு மாடி 3 மீட்டர் என்றால் தூணின் உயரத்தை 3 மீட்டர் என்று போடுவார்கள். பீம் தூணைத் தாண்டி ஓடுவதாக பீம் நீளத்திலும் போட்டிருப்பார்கள். அந்த முடிச்சில் இருக்கும் கான்கிரீட், தூண், பீம், சிலாப் என்று மூன்று பெயரில் சம்பளம் வாங்கும்.

எதை எதோடு சேர்த்து அளப்பது என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இந்தியாவில் ஐ.எஸ். 1200, பிரிட்டனில் என்.ஆர்.எம்.2 என்று அளவீட்டு விதிகளே தனியாக இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த விதி என்று ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் சண்டை அங்கேதான் தொடங்கப்போகிறது, இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

மார்ச் 5

"இதெல்லாம் பகல் கொள்ளை" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். அவசரப்படாதீர்கள். பில் போடுகிற இன்ஜினியர் பெரும்பாலும் இளைஞர், தலையில் மூன்று சைட், போன வேலையின் எக்செல் தாளில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார். சோம்பலை எல்லாம் திருட்டு என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சே முறிந்துவிடும்.

நான் பார்ப்பது பிழைகளின் திசையை. கவனக்குறைவு என்றால் பிழை இரண்டு பக்கமும் விழ வேண்டும், சில ஐட்டம் கூடுதலாக, சில ஐட்டம் குறைவாக. முப்பது பிழை கண்டுபிடித்து முப்பதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அது கவனக்குறைவு இல்லை, கவனம். இதற்காகவே பில்லில் விட்டுப்போனதையும் குறித்து வைக்கிறேன். ஜன்னல் ஓரத்துப் பூச்சை விட்டுவிட்டார்களா, படிக்கட்டின் இடைத்தளத்தை மறந்துவிட்டார்களா என்றும் பார்ப்பேன்.

மார்ச் 8

கம்பிக்கு வருவோம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் இதில்தான் பணமும் உயிரும் ஒன்றாகக் கிடக்கின்றன.

கம்பியை டன்னில் பில் போடுவார்கள், ஆனால் சைட்டில் யாரும் எடை போடுவதில்லை. நீளத்தை எடையாக மாற்றுவார்கள். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89, 16க்கு 1.58, 20க்கு 2.47. இந்த மாதிரி நான்கைந்து எண்கள் மனப்பாடமாக இருந்தால் வாய்க்கணக்கிலேயே பாதி பில்லைப் பார்த்துவிடலாம். யாராவது 12 மி.மீ.க்கு 0.98 என்று போட்டிருந்தால் இலக்கம் இடம் மாறிவிட்டது என்பார்கள். இருக்கலாம். பத்து சதவீதம் மாறிவிட்டது.

ஆனால் எடையைவிடப் பெரிய விஷயம் எண்ணிக்கை. டிராயிங்கில் 150 மி.மீ. இடைவெளி. கம்பி வளைப்புப் பட்டியலும் 150க்குத்தான் போட்டிருக்கும், பில்லும் அதைப் பார்த்துத்தான். சைட்டில் போய் டேப் வைத்துப் பார்த்தால் 175. பத்து மீட்டர் அகலத்தில் 68 கம்பி இருக்க வேண்டிய இடத்தில் 58. ஏறத்தாழ ஏழில் ஒரு கம்பி இல்லை. கான்கிரீட் விழுந்த மறுநாள் இதைக் கண்டுபிடிக்க எந்த இன்வாய்ஸாலும் முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், கான்கிரீட்டில் முழுக் கம்பியையே மறைக்கலாம்.

நான் செய்வது: கான்கிரீட் போடும் முன், கம்பியின் மேலேயே டேப்பை விரித்து, ஒரு கம்பியின் நடுவில் பூஜ்யத்தை வைத்துப் பத்து இடைவெளி எண்ணி, பதினோராவது கம்பியின் நடுவில் டேப் என்ன காட்டுகிறது என்று பார்ப்பேன். 1500 காட்ட வேண்டும். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் யாரும் கம்பியைக் காலால் நகர்த்தி வைத்துவிடலாம், பத்தை நகர்த்த முடியாது. ஓரத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், யாரும் நடந்து போகாத மூலையில் ஒரு இடம். மூலைதான் முக்கியம். டேப் தெரியும்படி போட்டோ, பக்கத்தில் ஒரு சிலேட்டில் தேதியும், டிராயிங்கில் அந்த இடத்தைக் காட்டும் கிரிட் எண்ணும்.

அப்புறம் ஒன்று. இடைவெளி கூடுதலாக இருந்தால் பில்லில் வெட்டிவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். டிசைன் செய்த இன்ஜினியருக்கு உடனே எழுத்தில் சொல்ல வேண்டும். பணத்தை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று குறைந்த கம்பியோடு கான்கிரீட் போட விடுவது சரிபார்ப்பு ஆகாது.

மார்ச் 8, இரவு

"எடைமேடையில் ஏற்றினால் சூத்திரத்தில் வருவதைவிடக் குறைவாக வருகிறது, அப்படியானால் ஏமாற்றா?" என்று கேட்டவருக்கு: அவசியமில்லை. கம்பி உருட்டும்போது எடை கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தரநிலைகளே அனுமதிக்கின்றன. பிரிட்டிஷ் தரநிலையில் 8 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பிக்கு 4.5 சதவீதம், இந்தியத் தரநிலையில் 10 மி.மீ. வரையிலான கம்பிக்கு ஒரு லாட்டின் சராசரியில் 7 சதவீதம். கான்ட்ராக்டர் எடைமேடைக் கணக்கில் வாங்கி, சூத்திரக் கணக்கில் உங்களுக்கு பில் போடுகிறார் என்றால் நடுவில் நிற்கும் வித்தியாசம் யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயம். எழுதாவிட்டால் அது அவருக்குத்தான், அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 9

கட்டுக்கம்பி, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக், வெட்டிப் போட்ட துண்டுக் கம்பி இவற்றுக்குத் தனியாகப் பணம் உண்டா என்று கேள்வி. பெரும்பாலான ரேட் ஒப்பந்தங்களில் இல்லை, எல்லாம் ரேட்டுக்குள் அடக்கம். "வேஸ்டேஜ் 5 சதவீதம்" என்று பில்லின் அடியில் ஒரு வரி வந்தால் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த பில்லில் அந்த வரி இருக்காது.

மார்ச் 14

மண் வேலை. 10க்கு 6 மீட்டர் குழி, ஆழம் 1.5. அதாவது 90 கன மீட்டர். தோண்டிய மண் இளகிப் பெருகும். சாதாரண மண் கால் பங்கு பெருகும் என்று வைத்தால் 112.5. 5 கன மீட்டர் டிப்பரில் ஏற்றினால் 23 லோடு. குழிக் கணக்கில் 18 லோடுதான் வர வேண்டும். ஒருவர் லோடு எண்ணி பில் போடுகிறார், ஒப்பந்தம் குழியை அளந்து கொடுக்கச் சொல்கிறது. லோடு சீட்டு 23ம் உண்மை, கேட் வாட்ச்மேன் கையெழுத்தும் உண்மை.

அதனால் தோண்டுவதற்கு முன் லெவல் எடுத்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தோண்டிய பிறகு முந்தைய தரைமட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு உயரம் காட்டுவார்கள், எல்லோரும் சத்தியம் வேறு செய்வார்கள்.

மார்ச் 15

மண் பற்றி இன்னும் ஒன்று விட்டுப்போனது. தனித்தனி ஐட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். மேலே சொன்ன அதே குழியில் அஸ்திவாரம் 30 கன மீட்டரை அடைத்துக்கொண்டது என்றால், மீதி 60ஐ திரும்ப மண் போட்டு மூட வேண்டும். அப்படியானால் வெளியே போக வேண்டியது இளகிய கணக்கில் சுமார் 8 லோடு. பில்லில் 23 லோடு வெளியேற்றம், அதற்குக் கீழே "வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புதல் 60 கன மீட்டர்". ஒரே மண் வெளியே போகாமலேயே போய்விட்டு, உள்ளே வராமலேயே வந்துவிட்டது.

சில சமயம் தோண்டிய மண் களிமண்ணாக இருக்கும், திரும்பப் போடத் தகுதியில்லை, நிஜமாகவே வெளியே கொட்டிவிட்டு வேறு மண் கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்கு இன்ஜினியரின் எழுத்துபூர்வ உத்தரவும் மண் பரிசோதனையும் இருக்கும். இரண்டும் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

மார்ச் 20

பென்ஃபோர்ட் விதியை வைத்துப் பிடிக்கலாம் என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். இயல்பாக உருவாகும் எண்களில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு என்ற விதி. 1881இல் சைமன் நியூகோம்ப் கவனித்தது, 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்ட் விரிவாக எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ் உள்ள பெரிய திட்டத்தில் எங்கே தோண்டுவது என்று காட்டும், சரி. ஒரு வீட்டு பில்லில் எண்கள் எல்லாம் டிராயிங்கின் பிடியில் இருக்கின்றன. எல்லா மாடியின் உயரமும் 3 மீட்டர் என்றால் முதல் இலக்கம் 3 ஆகத்தான் வரும், அதற்காக கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு நியூகோம்ப் பற்றிப் பேச முடியாது.

இதைவிட எளிய வழி, முழு எண்களைத் தேடுவது. அளந்தவன் எழுதினால் 7.43 என்று இருக்கும், 12.08 என்று இருக்கும். ஒரு பக்கம் முழுக்க 7.50, 12.00, 5.00 என்று வந்தால் டேப் பையிலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 21

எக்செல் பற்றிக் கேட்டார்கள். பிடிஎஃப் வேண்டாம், ஃபைலைக் கேளுங்கள். மறைத்து வைத்த வரிகளைத் திறந்து பாருங்கள். சூத்திரம் இருக்க வேண்டிய கட்டத்தில் யாராவது கையால் எண் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்தக் கூட்டலுக்குள் நடுவில் உள்ள துணைக் கூட்டலும் நுழைந்துவிட்டதா என்று பாருங்கள், இது மிகச் சாதாரணமாக நடக்கும். கழிக்க வேண்டிய கதவு ஜன்னலுக்கு மைனஸ் குறி இருக்கிறதா? மைனஸ் இல்லாத கழிவு இரட்டிப்பு லாபம், கழிபடவும் இல்லை, மேலே கூடவும் செய்கிறது.

கழிவிலும் விதி உண்டு என்பதைச் சேர்க்கிறேன். ஐ.எஸ். 1200படி பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிக்கவே கூடாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்து, ஓரப் பூச்சுக்குத் தனியாகக் கொடுக்கக் கூடாது. 3க்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆகவே 2.1 சதுர மீட்டர் கதவுக்கு இரண்டு பக்கமும் கழித்த உரிமையாளரும் தப்பு, கழிக்காமல் ஓரத்தையும் கூட்டிய கான்ட்ராக்டரும் தப்பு. வேறு விதி உள்ள ஒப்பந்தத்தில் இந்த எல்லைகள் வேறாக இருக்கும்.

2.347ஐ 2.35 என்று எழுதியதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள். தொகை அதிகமான ஐட்டத்திலிருந்து இறங்கி வாருங்கள். கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான தற்காலிக அச்சு), கட்டுவேலை இவற்றைப் பார்த்து முடித்தாலே பணத்தில் பெரும்பகுதியைப் பார்த்தாயிற்று. கதவுப் பிடிக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காரவேண்டாம்.

மார்ச் 28

வேலை நடக்க நடக்க வரும் ரன்னிங் பில்லின் அமைப்பிலேயே ஒரு பள்ளம் உண்டு. இதுவரை செய்த மொத்தம், அதில் முன்பு கொடுத்ததைக் கழித்தால் இந்த பில். இதுவரை 420 சதுர மீட்டர், போன பில் வரை ஒப்புக்கொண்டது 365, ஆக இப்போது 55. ஆனால் "முந்தைய பில்" கட்டத்தில் அதற்கும் முந்தின பில்லின் எண்ணான 335 உட்கார்ந்திருந்தால் 85 கிடைக்கும். 420 என்பதை டேப் வைத்து அளந்தாலும் சரியாகவே வரும்! அதனால் அந்த ஒரு நெடுவரிசையை அவர் பில்லிலிருந்து எடுக்கவே கூடாது, நீங்கள் கையெழுத்திட்ட போன பில்லிலிருந்து நீங்களே போட வேண்டும்.

முன்பணப் பிடித்தமும் ரிடென்ஷனும் (உத்தரவாதமாக ஒவ்வொரு பில்லிலும் நிறுத்தி வைக்கும் பங்கு) இதே மாதிரிதான். ஆள் மாறும்போது காணாமல் போகும். நீங்கள் வாங்கிக் கொடுத்த சிமென்ட், டைல்ஸ் இருந்தால் அவற்றின் பிடித்தமும்.

ஏப்ரல் 4

காஸ்ட் பிளஸ் ஆட்கள் கோபித்துக்கொண்டார்கள், எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று. உங்களுக்குத்தான் இன்வாய்ஸ் பார்க்கும் வேலை, ஆனால் வந்த இன்வாய்ஸைவிட வராத காகிதத்தைத் தேடுங்கள். மீந்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் கிரெடிட் நோட் வரும், அது உங்கள் கோப்புக்கு வராது. ஆண்டு இறுதித் தள்ளுபடி கான்ட்ராக்டர் கணக்கில் சேரும். சப்-கான்ட்ராக்டர் தன் லாபத்தைப் போட்டு பில் தருவார், அதன் மேல் இவர் தன் சதவீதத்தைப் போடுவார், அது ஒப்பந்தப்படி சரியாகவும் இருக்கலாம், ஆனால் அந்த சப்-கான்ட்ராக்டர் இவருடைய இன்னொரு கம்பெனியாக இருக்கக் கூடாது. சொந்த மெஷினை வாடகைக்குக் கொடுத்து, வாடகை மொத்தம் மெஷின் விலையைத் தாண்டிவிட்ட பில்லும் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

ரெடிமிக்ஸ் சீட்டில் அளவை மட்டும் பார்க்காதீர்கள், நேரத்தையும் வண்டி எண்ணையும் பாருங்கள். ஒருமுறை சீட்டுகளை வண்டி எண் வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரே லாரி பிளான்ட்டை விட்டுக் கிளம்பி இருபது நிமிடத்தில் அதே பிளான்ட்டிலிருந்து மறுபடி கிளம்பியிருந்தது. போகவே முக்கால் மணி நேரம் ஆகும் தூரம். கேட்டதும் "டைப்பிங் மிஸ்டேக்" என்றார்கள், அடுத்த பில்லில் அந்த லோடு சத்தமில்லாமல் கழிந்திருந்தது. சந்தேகம் இருந்தால் எடைமேடை இருக்கவே இருக்கிறது. கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 2.4 டன். 6 கன மீட்டர் என்று சொல்லும் லாரி, நிறைந்து வந்ததற்கும் காலியாகப் போனதற்கும் 14.4 டன் வித்தியாசம் காட்ட வேண்டும்.

ஆள் கணக்கில், ஒரே பெயர் ஒரே நாளில் இரண்டு சைட் வருகைப் பதிவில் இருக்கிறதா, மழையால் வேலை நின்ற நாளில் ஓவர்டைம் இருக்கிறதா, இந்த இரண்டும் போதும் தொடங்குவதற்கு.

ஏப்ரல் 5

மொத்தத் தொகை ஒப்பந்தத்துக்குச் சுருக்கமாக. ஆரம்ப வேலைகளுக்குக் கனமான தொகையும் கடைசி வேலைகளுக்கு மெலிந்த தொகையும் பிரித்திருந்தால், நடுவில் கான்ட்ராக்டர் போய்விட்டால் மீதிப் பணத்தில் மீதி வேலை முடியாது. அதனால் ஒவ்வொரு பில்லிலும் நான் கேட்பது எத்தனை சதவீதம் முடிந்தது என்று இல்லை. மிச்சம் இருக்கும் பணத்துக்கு மிச்சம் இருக்கும் வேலையை வேறொருவர் செய்து தருவாரா?

அமெரிக்காவில் கான்ட்ராக்டர் பில் போடப் புழங்கும் ஜி702, ஜி703 படிவங்களில் இறக்கி வைத்த பொருளுக்கு ஒரு நெடுவரிசை உண்டு. நல்ல ஏற்பாடு, அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. இந்த மாதம் இறக்கி வைத்த ஜன்னலுக்குப் பணம் வாங்கியாயிற்று, அடுத்த மாதம் பொருத்தியதும் முடிந்த வேலையிலும் முழு விலை ஏறும். அப்போது இறக்கி வைத்த பொருளின் கட்டத்திலிருந்து அது இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஜன்னல் இரண்டு.

ஏப்ரல் 12

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தால், வெட்டுவதுதான் வேலை என்று நான் சொல்வது போல இருக்கிறது. அதில் எனக்கே உடன்பாடு இல்லை.

எந்த பில் வந்தாலும் பத்து சதவீதம் வெட்டுவதைப் பெருமையாகச் சொல்லும் ஆட்களோடு வேலை செய்திருக்கிறேன். கான்ட்ராக்டர் முட்டாள் இல்லை, மூன்றாவது பில்லிலிருந்து பதினைந்து ஏற்றித்தான் அனுப்புவார். அதோடு அளவு என்பதே பேரம் ஆகிவிடுகிறது, அப்புறம் டேப்புக்கு மரியாதை இல்லை. வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிக் கொடுங்கள், எந்த டிராயிங், எந்த அளவு, எந்த விதி என்று. காரணம் எழுத முடியாததை வெட்டாதீர்கள்.

குறைத்து வந்ததைக் கூட்டிக் கொடுங்கள் என்றும் சொல்வேன். முன்னொரு வேலையில் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர்ப் பூச்சை முழுசாக விட்டுவிட்டார்கள். நான் சேர்த்து எழுதியதும் உரிமையாளர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், "நீங்கள் யார் பக்கம்?" என்றார். அந்தக் கான்ட்ராக்டர் அடுத்த பில்லிலிருந்து அளவுத் தாளோடு ஸ்கெட்சும் வைத்து அனுப்ப ஆரம்பித்தார், சரிபார்க்கும் நேரம் பாதியானது. உரிமையாளர் இன்னமும் சமாதானம் ஆகவில்லை என்பது தனிக்கதை.

பில்லை மாதக்கணக்கில் மேஜையில் ஊற வைப்பதும் சரிபார்ப்பு இல்லை. அந்தத் தாமதத்துக்கான வட்டியை அடுத்த வேலையின் ரேட்டில் நீங்களே கட்டுவீர்கள்.

ஏப்ரல் 19

எக்ஸ்ட்ரா ஐட்டங்கள். சைட் இன்ஜினியருக்கு ஒரு தொகை வரைதான் அனுமதி தரும் அதிகாரம் என்றால், அந்தத் தொகைக்குக் கொஞ்சம் கீழே ஒரே வேலை மூன்று நான்கு துண்டாக, அடுத்தடுத்த தேதியில் வரும். தேதி வாரியாக அடுக்கினால் கண்ணில் படும்.

இன்னொன்று ரேட்டில் ஆரம்பிக்கிறது, அளவில் முடிகிறது. டெண்டரிலேயே சில ஐட்டங்களுக்கு ரேட்டைத் தாராளமாகவும் சிலவற்றுக்குக் கஞ்சத்தனமாகவும் போட்டிருப்பார். எது கூடப்போகிறது, எது குறையப்போகிறது என்று டிராயிங்கைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். பாறை வெட்டும் ரேட் எக்கச்சக்கம், அளவு பட்டியலில் பாறை கொஞ்சம். தோண்டினால் எங்கும் பாறை. இது ஏமாற்று இல்லை, உங்கள் அளவுப் பட்டியல் ஒழுங்காக இல்லை என்பதற்கு அவர் போட்ட பந்தயம். சிவப்புப் புத்தகம் என்று சொல்லும் 1999ஆம் ஆண்டின் ஃபிடிக் சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தில் 12.3ஆம் பிரிவு இதற்காகவே போல இருக்கும். ஒரு ஐட்டத்தின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறி, அந்த மாற்றத்தின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 0.01 சதவீதத்தைத் தாண்டி, அதனால் ஒரு யூனிட்டின் செலவும் 1 சதவீதத்துக்கு மேல் நேரடியாக மாறி, அந்த ஐட்டம் நிலையான ரேட் என்று குறிக்கப்படாமலும் இருந்தால் புது ரேட் பேசலாம். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மீட்டிங்கில் மேஜையைத் தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு தரப்பிலும்.

மே 3

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பீம் கணக்கு அவர் பில்லிலும் அப்படியேதானாம், கான்ட்ராக்டர் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டாராம். இப்போது சிக்கல், ஏற்கனவே கான்கிரீட் போட்ட முதல் மாடி சிலாபில் கம்பி எண்ணிக்கை பற்றிச் சந்தேகம், போட்டோ எதுவும் இல்லை. என்ன செய்வது?

உடைக்க வேண்டாம். கவர் மீட்டர் என்ற கருவி, கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று காந்தப்புலத்தை வைத்துக் காட்டும். சிலாபின் அடிப்பக்கத்திலிருந்து வைத்தால் முதல் அடுக்குக் கம்பியின் இடைவெளி நன்றாகவே கிடைக்கும். கம்பி நெருக்கமாகவும் இரண்டு மூன்று அடுக்காகவும் உள்ள பீமில் குழப்பும், அங்கே ரேடார் ஸ்கேன் கேளுங்கள். கம்பியின் விட்டம் பற்றிக் கருவி சொல்வதைத் தோராயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உறுதியாக வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கொஞ்சம் பெயர்த்து வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். பெயர்க்கும் இடத்தை டிசைன் இன்ஜினியர் காட்டட்டும். சிலாப் தடிமனுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், படிக்கட்டுத் திறப்பின் ஓரத்திலும் குழாய் போகும் துளைகளிலும் பூச்சுக்கு முன் டேப் வைத்தாலே போதும்.

பரிசோதனைச் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குறைபாடு தெரிந்தால் கான்ட்ராக்டர், சரியாக இருந்தால் நீங்கள், இதுதான் வழக்கமாக ஒப்பந்தங்களில் இருக்கும் ஏற்பாடு. ஸ்கேன் செய்யும்போது அவருடைய ஆளும் பக்கத்தில் நிற்கட்டும். ஸ்கேன் வரும்வரை அந்த சிலாபின் கம்பித் தொகையில் சந்தேகமுள்ள பகுதியை மட்டும் நிறுத்தி வைத்து, மீதி பில்லை விடுங்கள். முழு பில்லையும் பிடித்து வைத்தால் பேச்சு கம்பியை விட்டுவிட்டுப் பணம் தாமதம் பற்றிப் போய்விடும்.

முடிவு வந்ததும் டிராயிங்கில் உள்ள இடைவெளி, ஸ்கேனில் வந்தது, இரண்டையும் இங்கே போடுங்கள்.